10 மீட்டர் ஏர் ரைஃபிள்: வேகத்தையும் துல்லியத்தையும் பொருத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

ஏர் ரைஃபிள் வாங்க வருபவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது எத்தனை எஃப்.பி.எஸ்.?" என்பதாகத்தான் இருக்கும். பெட்டியின் மேலும் அந்த எண்தான் பெரிதாக அச்சாகியிருக்கும்: வினாடிக்கு 1000 அடி, 1250 அடி. ஆனால் ஒலிம்பிக் மேடையில் நிற்கும் வீரரின் கையிலுள்ள, பல லட்சம் ரூபாய் விலையுள்ள ஃபைன்வெர்க்பாவோ வால்தரோ போன்ற ஜெர்மன் ரைஃபிள் வினாடிக்கு 170 மீட்டர் சுற்றுவட்டத்தில்தான் குண்டை அனுப்புகிறது. அடிக் கணக்கில் 560 அளவுதான் வரும். உலகின் மிகத் துல்லியமான காற்றுத் துப்பாக்கிகள் வேண்டுமென்றே மெதுவாகச் சுடுகின்றன. இந்த ஒரு செய்தி மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

அமெரிக்காவில் பெரிய ரைஃபிள் வைத்திருப்பவர்கள் தோட்டாவைத் தாங்களே அடைத்து, வெடிமருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்து இந்த வேகம்–துல்லியம் கணக்கைப் போடுகிறார்கள். இந்தியாவில் தோட்டா தயாரிப்பதற்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். வீட்டு மேசையில் செய்கிற பொழுதுபோக்கு அது இல்லை. நம் ஊர் ரேஞ்சுகளில் பெரும்பாலானோர் பழகுவது 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். நாம் மருந்தைத் தொட முடியாது. ஆனால் எந்தப் பெல்லட் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு), எந்தத் தலை அளவு, எந்த லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி), என்ன வேகம் என்ற நான்கையும் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. அதை முறையாகச் செய்வது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

இலக்கு எவ்வளவு சிறியது

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்து என்பது 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. முழு இலக்கின் விட்டமே 45.5 மி.மீ.தான். 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டால் 10.0. அங்கிருந்து உள்ளே வர வர, ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் ஒரு தசமம் கூடும். பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 0.25 மி.மீ.க்குள் விழுந்தால் 10.9, அரை மி.மீ.க்குள் என்றால் 10.8; ஒரு மி.மீ.க்குள் என்றால் 10.6.

2008 பெய்ஜிங்கில் கடைசிக் குண்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் சம புள்ளியில் இருந்தார்கள். பிந்த்ரா 10.8 சுட்டார், ஹாக்கினென் 9.7. ஒருவருக்குத் தங்கம், மற்றவருக்கு வெண்கலம். இரண்டு குண்டுக்கும் இடையே இருந்தது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்.

இன்று தகுதிச் சுற்றில் 60 குண்டுக்கும் தசமம் எண்ணப்படுகிறது. 630 புள்ளி எடுக்க ஒவ்வொரு குண்டும் சராசரியாக 10.5 வர வேண்டும். அதாவது மையத்திலிருந்து 1.25 மி.மீ.க்குள். இந்த அளவில் பெல்லட்டின் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில்: உங்களுக்கு இது இப்போது தேவையா?

துப்பாக்கியின் சிதறலும் கையின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இதன் விளைவு பலருக்கு வியப்பாக இருக்கும்.

சராசரி 9.5 சுடும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கையின் சிதறல், திட்டவிலக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு திசையிலும் 3 மி.மீ. அளவில் இருக்கும். பெல்லட் மோசமாகப் பொருந்தி 0.6 மி.மீ. சிதறினாலும் மொத்தம் 3.06தான். பொருத்தமான பெல்லட் வாங்கி அதை 0.3 ஆக்கினால் 3.01. யாராலும் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம் அது. அந்தப் பிள்ளைக்கு விலையுயர்ந்த பெல்லட் டின் வாங்கும் பணத்தில் சாதாரணப் பயிற்சிப் பெல்லட் நிறைய வாங்கிக் கொடுத்துச் சுடவிடுங்கள்.

இப்போது கையின் சிதறல் 0.8 மி.மீ. ஆகிவிட்ட ஒரு மாநில அளவு வீராங்கனை. அதே 0.6 மி.மீ. பெல்லட் அவருடைய மொத்தச் சிதறலை 1.0 ஆக்கிவிடும். 0.3 மி.மீ. பெல்லட் கொடுத்தால் 0.85. அறுபது குண்டில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 4 புள்ளி. இறுதிச் சுற்றுக்குள் நுழைவதும் வெளியே நிற்பதும் அதைவிடக் குறைந்த இடைவெளியில் முடிவாகிறது. ஆகவே சராசரி 10.2 தாண்டிய பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் போதும் என்பது என் கருத்து. அதற்கு முன் செலவழிக்கும் நேரம் பயிற்சியிலிருந்து திருடிய நேரம்.

வேகம் ஏன் இவ்வளவு குறைவு?

பெல்லட்டின் உருவத்தைப் பாருங்கள். தட்டைத் தலை, ஒடுங்கிய இடுப்பு, உள்ளே குழிந்த பாவாடை. துப்பாக்கிக் குழலான பேரலின் திருகுப் பள்ளங்கள் கொடுக்கும் சுழற்சியோடு, பின்பக்கம் காற்று பிடித்து இழுப்பதும் சேர்ந்துதான் அதை நேராக வைத்திருக்கிறது. தலை தட்டையாக இருப்பது காகிதத்தில் சுத்தமான வட்டத் துளை விழுவதற்காக. இந்த உருவம் மெதுவான வேகத்தில் அழகாகப் பறக்கும். ஒலியின் வேகத்தை, அதாவது வினாடிக்கு 343 மீட்டரை, நெருங்கும்போது காற்றழுத்த அலைகள் அதைத் தள்ளாட வைக்கும். பெட்டியில் போட்டிருக்கும் 1250 அடி என்பது மீட்டரில் 381. அந்த எண்ணை எட்டுவதற்குக் கம்பெனிகள் எடை குறைந்த அலாய் பெல்லட்டைப் போட்டுச் சோதிக்கின்றன. ஒலியின் வேகத்தைத் தாண்டிய அந்தப் பெல்லட் எங்கே போய் விழும் என்பதைப் பற்றிப் பெட்டி எதுவும் சொல்லாது.

இன்னொரு பக்கமும் உண்டு. குண்டு பேரலுக்குள் இருக்கும் நேரத்தில் கை அசைந்தால் அந்த அசைவு குண்டில் ஏறும். ஆகவே வேகம் கூடுவது நல்லது என்று ஒரு வாதம். வாதம் சரிதான். ஆனால் 42 செ.மீ. பேரலை 170 மீட்டர் வேகத்துக்கு ஏறிக்கொண்டே கடக்கும் பெல்லட் உள்ளே இருப்பது 5 மில்லி வினாடிக்குள். வேகத்தை 175 ஆக்கினால் மிச்சமாவது ஒரு மில்லி வினாடியில் ஏழில் ஒரு பங்கு. பேரலை விட்டுக் கிளம்பிய பிறகு பெல்லட் 10 மீட்டரைக் கடக்க எடுக்கும் 60 மில்லி வினாடியில் உங்கள் கை என்ன செய்தாலும் குண்டுக்குத் தெரியாது. அந்த ஏழில் ஒரு பங்குக்காக அதிகக் காற்றும் அதிக அதிர்வும் வாங்கிக்கொள்வதில் லாபம் இல்லை.

கீழ் எல்லையும் இருக்கிறது. 155, 150 என்று இறக்கினால் பேரலுக்குள் இருக்கும் நேரம் நீளும், பாவாடை விரிந்து பேரலை அடைப்பது பலவீனமாகும், வால்வு ஒரே மாதிரி திறப்பது சிரமமாகும். 0.53 கிராம் பெல்லட்டை 168 மீட்டர் வேகத்தில் அனுப்பினால் 7.5 ஜூல் வரும். ஜெர்மனியில் உரிமமில்லாத காற்றுத் துப்பாக்கிக்கு எல்லையும் அதே 7.5 ஜூல். பந்தய ரைஃபிள்களின் வேகம் அந்தச் சுற்றுவட்டத்திலேயே நிற்பதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

நமக்கு வேண்டியது ஒரே வேகம்

170 மீட்டர் வேகத்தில் பெல்லட் 10 மீட்டர் போவதற்குள் 17 மி.மீ.க்குச் சற்று மேல் கீழே இறங்குகிறது. சைட் (குறிபார்க்கும் கருவி) அதைச் சரிக்கட்டிவிடும். சைட் சரிக்கட்ட முடியாதது, குண்டுக்குக் குண்டு மாறும் வேகத்தை. வினாடிக்கு 1 மீட்டர் வேகம் மாறினால் குண்டு 0.2 மி.மீ. மேலோ கீழோ விழும். 1 மீட்டருக்குள் அடங்கினால் ஒரு தசமம்கூட முழுதாகப் போகாது. 3 மீட்டர் ஆடினால் 0.6 மி.மீ.; இரண்டு தசமத்துக்கு மேல். 169இல் ஓடினாலும் 173இல் ஓடினாலும் கவலை வேண்டாம். ஒரு குண்டு 169, அடுத்த குண்டு 173 என்றால்தான் கவலை.

படி 1: துப்பாக்கியை ஒரே நிலைக்குக் கொண்டுவருதல்

பெல்லட் சோதனையில் இறங்குவதற்கு முன் துப்பாக்கி நோயில்லாமல் இருக்க வேண்டும். ஸ்டாக்கையும் (தோளில் பொருந்தும் கட்டை) ஆக்‌ஷனையும் (குழலும் வால்வும் அடங்கிய சுடும் பகுதி) பிணைக்கும் திருகுகள், சைட்டின் திருகுகள் எல்லாவற்றையும் கம்பெனி கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். கை அளவில் "போதும்" என்று விடுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் சிதறலுக்கு மிக மலிவான காரணமும் அதுதான்.

பேரலை ஃபெல்ட் பெல்லட்டால் (கம்பளித் துணியாலான சுத்தம் செய்யும் குண்டு) சுத்தம் செய்யுங்கள். சில ஃபெல்ட்டைத் தள்ளியோ சுட்டோ எடுத்தால் ஈயத்தூள் வந்துவிடும். சுத்தம் செய்தவுடன் சுடும் முதல் பத்து இருபது குண்டை நம்ப வேண்டாம். பேரலுக்குள் மெல்லிய ஈயப் படிவு மறுபடி சீராகும்வரை குரூப் (ஒரே இலக்கில் விழும் குண்டுகளின் கூட்டம்) அலையும். வாரம் ஒருமுறை பேரலைத் தேய்க்கும் பழக்கம் துப்பாக்கியின் மேல் உள்ள பாசத்தைக் காட்டலாம், குரூப்புக்கு உதவாது.

காற்று அடைத்திருக்கும் சிலிண்டரைக் கவனியுங்கள். ஜெர்மன் சிலிண்டர்களுக்குத் தயாரிப்புத் தேதியிலிருந்து 10 ஆண்டு ஆயுள். தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். காலாவதியானதைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது, பயிற்சியிலும் கூடாது. நிரப்புவது உலர்ந்த சுத்தக் காற்றாக மட்டுமே இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் வெடிக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கைப்பம்பால் அடிப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: காற்றோடு ஈரமும் உள்ளே போகிறது. அந்த ஈரம் ரெகுலேட்டரில் (காற்றழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) சேர்ந்தால் வேகம் ஆடத் தொடங்கும். ஈரம் வடிக்கும் ஃபில்டர் இல்லாமல் பம்ப் அடிக்க வேண்டாம்.

படி 2: க்ரோனோகிராஃபில் வைத்துப் பார்த்தல்

இரண்டு ஒளி உணரிகளுக்கு நடுவே பெல்லட் கடக்கும் நேரத்தை அளந்து வேகம் சொல்லும் சிறு கருவிதான் க்ரோனோ. கிளப்பில் ஒன்று இருந்தால் போதும், எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். ஏற்கெனவே பயன்படுத்தும் பெல்லட்டையே போட்டு முதலில் 20 குண்டு சுடுங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி மூன்றையும் எழுதுங்கள். குழல்விளக்கின் கீழே சில கருவிகள் தவறான எண்ணைக் காட்டும். ஒரு எண் மட்டும் விசித்திரமாக 30, 40 மீட்டர் தள்ளி நின்றால் அது கருவியின் பிழை, துப்பாக்கியைக் குறை சொல்ல வேண்டாம்.

இருபது குண்டின் மொத்த ஆட்டம் 3 மீட்டருக்குள் இருந்தால் துப்பாக்கி ஆரோக்கியம். 5 மீட்டரைத் தாண்டினால் பெல்லட் சோதனையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். ரெகுலேட்டர், வால்வு, ஓ-ரிங், சுத்தியல் ஸ்பிரிங் இவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும்.

இன்னொரு சோதனையைப் பலர் செய்வதே இல்லை. துப்பாக்கியைப் பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு ஒரு குண்டு சுடுங்கள், தொடர்ந்து நான்கு குண்டு சுடுங்கள். மறுபடி பத்து நிமிடம் காத்திருங்கள். முதல் குண்டு மட்டும் ஒவ்வொரு முறையும் வேகமாக வந்தால் ரெகுலேட்டர் மெல்லக் கசிந்து அழுத்தத்தை ஏற்றுகிறது என்று பொருள். போட்டியில் நடுவே ஓய்வெடுத்து மூச்சை ஆற்றிக்கொண்டு சுடும் அந்த ஒரு குண்டு மேலே போய் விழுவதற்கு இதுதான் காரணம். வீரரோ தன் மனதைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். எத்தனையோ பிள்ளைகள் இப்படித் தேவையில்லாமல் தன்னம்பிக்கை இழந்திருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிலிண்டர் அழுத்தம் முழுதாக இருக்கும்போதும், பாதியிலும், கடைசியிலும் ஐந்தைந்து குண்டு சுட்டு வேகத்தைக் குறியுங்கள். எந்த அழுத்தத்துக்குக் கீழே வேகம் சரிகிறது என்பது தெரிந்துவிடும். போட்டி நாளில் அழுத்தமானியின் முள் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கட்டும்.

படி 3: பெல்லட்டைச் சலித்தெடுத்தல்

ரைஃபிளுக்கான பந்தயப் பெல்லட் 0.53 கிராம் அளவில் இருக்கும். பிஸ்டலுக்கானது இன்னும் இலேசானது. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபைனல் மேட்ச், ஜே.எஸ்.பி., சீனாவின் கியூ.ஒய்.எஸ். ஆகியவை உலகெங்கும் புழங்குபவை. எது சிறந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் பேரலுக்கு எது என்று கேளுங்கள்.

காரணம் தலை அளவில் இருக்கிறது. டின்னின் சீட்டில் 4.49, 4.50, 4.51 என்று எழுதியிருக்கும். பெல்லட்டின் தலை பேரலின் மேடுகளைப் பிடித்துச் சவாரி செய்கிறது. இறுக்கம் குறைந்தால் தலை ஆடிக்கொண்டே போகும். கூடினால் ஈயம் நசுங்கும். ஒரே கம்பெனியின் ஒரே மாடல் பேரல்கள்கூட நூற்றில் ஒரு மி.மீ. அளவில் வேறுபடும். நண்பரின் துப்பாக்கியில் அற்புதமாக ஓடும் டின் உங்கள் துப்பாக்கியில் சாதாரணமாக ஓடுவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

தலை அளவோடு முடிவதில்லை. சீட்டில் லாட் எண்ணும் இருக்கும். அச்சு தேயும், ஈயக் கலவை மாறும், மெஷின் மாறும். ஒரே பெயரில், ஒரே 4.50 அளவில் வரும் இரண்டு லாட் இரண்டு விதமாகச் சுடும். ஆகவே வாங்கும்போது பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் லாட் எண்ணைச் சொல்லி வாங்கும் பழக்கம் வேண்டும். சோதனைக்கென்று பல தலை அளவுகளைச் சிறிது சிறிதாகப் போட்டுத் தரும் சாம்பிள் பெட்டிகளும் கிடைக்கின்றன. கிளப்பில் நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு இரண்டு டின் வாங்கிப் பங்கிட்டாலும் எட்டு வகை கைக்கு வந்துவிடும்.

எடை போட்டுப் பிரிப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். 0.005 கிராம் வித்தியாசம் என்பது ஒரு சதவீதம். அது வேகத்தை அரை சதவீதம், அதாவது 0.85 மீட்டர் மாற்றும், இலக்கில் 0.17 மி.மீ. ஒரு தசமம்கூட இல்லை. நல்ல பந்தயப் பெல்லட்டில் இவ்வளவு வேறுபாடே அரிது. 0.01 கிராம் காட்டும் தராசால் இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்த நேரத்தை, பாவாடை நசுங்கிய பெல்லட்டைக் கண்ணால் பார்த்து ஒதுக்குவதில் செலவழியுங்கள். நசுங்கிய பாவாடை காற்றை ஒரு பக்கமாக விடும். அந்தக் குண்டு 9க்குப் போய்விடும்.

படி 4: குரூப் சுட்டுப் பார்த்தல்

இந்தப் படியில்தான் மிக அதிகம் பேர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். ஐந்து குண்டு சுடுவார்கள். ஒரே துளையாக விழும். "இதுதான் என் பெல்லட்" என்று இருபது டின் ஆர்டர் போட்டுவிடுவார்கள்.

ஐந்து குண்டு குரூப்பின் அகலம் சராசரியாகத் திட்டவிலக்கத்தைப் போல 3.07 மடங்கு. பத்து குண்டு என்றால் 3.81 மடங்கு. அதே துப்பாக்கி, அதே பெல்லட், குண்டின் எண்ணிக்கை மட்டும் மாறியதாலேயே குரூப் கால் பங்கு பெரிதாகிறது. ஆகவே ஒரு பெல்லட்டின் ஐந்து குண்டு குரூப்பை இன்னொன்றின் பத்து குண்டு குரூப்போடு ஒப்பிடக் கூடாது. மேலும், ஒரு தனி ஐந்து குண்டு குரூப் வெறும் தற்செயலாலேயே நான்கில் ஒரு பங்கு கூடவோ குறையவோ செய்யும்.

ஆகவே ஒவ்வொரு பெல்லட்டுக்கும் பத்து குண்டு வீதம் நான்கு குரூப் சுட்டுச் சராசரி எடுங்கள். அப்போதும் பத்து சதவீத ஆட்டம் மிச்சமிருக்கும். இரண்டு பெல்லட்டுக்கு நடுவே வித்தியாசம் அதற்குள் இருந்தால் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டு விலை குறைந்ததை வாங்குங்கள்.

துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது? ஸ்டாக்கைக் கழற்றி ஆக்‌ஷனை மட்டும் இரும்புப் பிடியில் பூட்டிச் சுடுவதே சிறந்த முறை. கம்பெனிகள் அப்படித்தான் சோதிக்கின்றன. நம் ரேஞ்சில் அந்த வசதி கிடைப்பது கடினம். கனமான மேசை, முன்னால் ஒரு மணல்மூட்டை, பின்னால் ஒரு சிறு மூட்டை, உட்கார்ந்தபடி சுடுதல், இது போதும். மூட்டை ஸ்டாக்கின் எந்த இடத்தில் தொடுகிறதோ அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள். பேரலோ சிலிண்டரோ மூட்டையில் படக் கூடாது.

சுடும் வரிசை முக்கியம். முதல் பெல்லட்டை நாற்பது, அடுத்ததை நாற்பது என்று சுட்டால் கடைசிப் பெல்லட்டுக்கு உங்கள் களைத்த கண்தான் கிடைக்கும். அ, ஆ, இ, ஈ என்று ஒவ்வொன்றிலும் ஒரு பத்து சுட்டுவிட்டு மறுபடி அ-விலிருந்து தொடங்குங்கள். பெல்லட் மாற்றும்போது புதியதில் ஐந்து குண்டைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்னும் நேர்மையாக இருக்க வேண்டுமென்றால், நண்பர் ஒருவரிடம் பெயரில்லாத கிண்ணங்களில் பெல்லட்டைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். விலை அதிகமான டின் என்று தெரிந்தாலே டிரிக்கரை நாம் கொஞ்சம் அக்கறையாக இழுக்கிறோம், மனித இயல்பு.

பெல்லட்டைப் பேரலின் வாயில் வைக்கும் விதமும் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். விரலால் அழுத்தித் திணிக்காமல், பள்ளத்தில் நேராக வைத்து லீவர் தள்ளும்படி விடுங்கள்.

எலக்ட்ரானிக் இலக்கு இருந்தால் ஒவ்வொரு குண்டின் இடத்தையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளலாம். காகிதம் என்றால் கெட்டியான இலக்கு அட்டையில் சுட்டு, வெர்னியர் காலிப்பரால் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து 4.5ஐக் கழியுங்கள். பத்து குண்டு குரூப் வெளி விளிம்பில் 5.6 மி.மீ. அளவில் நின்றால் சிதறல் 0.3 மி.மீ.; தேசியப் போட்டிக்கே எடுத்துப் போகலாம். 6.8 வந்தால் சிதறல் 0.6, பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குரூப்பின் வடிவத்தையும் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேகம் ஆடுகிறது என்ற சந்தேகம் வரவேண்டும், க்ரோனோவுக்குத் திரும்புங்கள். பக்கவாட்டில் நீண்டிருந்தால் மூட்டையில் துப்பாக்கி சாய்கிறதா, சைட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: வேகத்தைத் தொடுவது

பந்தய ரைஃபிள்களில் சுத்தியல் ஸ்பிரிங்கை இறுக்கித் தளர்த்தும் திருகால் வேகத்தை மாற்ற முடியும். என் அறிவுரை: பெரும்பாலானோர் இதைத் தொடவே வேண்டாம். தொழிற்சாலை வைத்த நிலை நன்றாகவே யோசித்து வைத்தது. படி 4 முடிந்து, சிறந்த பெல்லட்டும் 0.4 மி.மீ.க்குக் கீழே சிதற மறுத்தால் மட்டும், கையேட்டை வைத்துக்கொண்டு, கோச்சும் மெக்கானிக்கும் உடனிருக்கச் செய்யுங்கள். ரெகுலேட்டர் அழுத்தத்தை வீட்டில் மாற்ற முயலக் கூடாது. 200 பார் அழுத்தம் விளையாட்டுப் பொருள் இல்லை.

தொடங்கும் நிலையைக் குறித்துவிட்டு, 2 மீட்டர் படிகளாக 166 முதல் 176 வரை ஏறுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 20 குண்டு ஓடவிட்டு நிலைப்படுத்தி, பிறகு இரண்டு பத்து குண்டு குரூப். மிகச் சிறிய ஒற்றைக் குரூப்பைத் தேடாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு மூன்று நிறுத்தங்களில் குரூப் சிறிதாகவும் ஏறக்குறைய அதே அளவிலும் இருக்கும் பகுதியைத் தேடுங்கள். அதன் நடுவில் நிறுத்துங்கள். 170, 172, 174 மூன்றிலும் நன்றாகச் சுடுகிறது என்றால் 172. அப்போது வெயிலாலோ சிலிண்டர் அழுத்தத்தாலோ வேகம் ஒரு மீட்டர் நகர்ந்தாலும் குரூப் உடையாது. தோட்டா அடைப்பவர்களும் மருந்தின் அளவில் இதே மாதிரி அகலமான இடத்தைத்தான் தேடுகிறார்கள்.

எல்லா நிறுத்தத்திலும் குரூப் ஒரே அளவாக இருக்கிறதா? அப்படியானால் வேகம் உங்கள் பிரச்சினை இல்லை. பழைய இடத்துக்கே திருகைத் திருப்பிவிடுங்கள். ஏர் ரைஃபிளில் அடிக்கடி வரும் முடிவு இதுதான்.

50 மீட்டருக்குப் போகிறவர்களுக்கு

50 மீட்டர் ரைஃபிளின் .22 தோட்டாவை விளிம்பில் தட்டி வெடிக்க வைப்பதால், சுட்டு முடித்த கூட்டில் மறுபடி மருந்தடைத்துப் பயன்படுத்த முடியாது. அமெரிக்காவிலும் இதை யாரும் கையால் அடைத்துப் பந்தயத்துக்கு வருவதில்லை. இங்கேயும் லாட் தேர்வுதான் வழி. ஏலி டெனெக்ஸ், லாபுவா எக்ஸ்-ஆக்ட் போன்ற பந்தயத் தோட்டாக்கள் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, 330 மீட்டரை ஒட்டி ஓடும்படி செய்யப்பட்டவை. அதிவேகத் தோட்டா ஒலி எல்லையைத் தாண்டிக் கிளம்பி, 50 மீட்டருக்குள் மறுபடி அந்த எல்லையைக் கடந்து கீழே வரும்போது குலுங்கும். 35 டிகிரி வெயிலில் ஒலியின் வேகமே 352 மீட்டருக்கு ஏறுவதால், நம் ஊர்ப் பகல் இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம்.

ஏலி பெட்டியில் லாட் எண்ணோடு அந்த லாட்டின் வேகமும் அச்சாகியிருக்கும். வேகம் குறைந்த லாட்தான் நல்லது என்று ரேஞ்சில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. பேரலில் வைத்துச் சுட்டுப் பார்க்காமல் அதை ஏற்காதீர்கள். வசதியுள்ளவர்கள் துப்பாக்கியோடு ஜெர்மனியின் ஷோனெபெக்கிலோ இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலோ உள்ள கம்பெனிச் சோதனைக்கூடத்துக்கே போய், பேரலைப் பிடியில் பூட்டி, பல லாட்களைச் சுட்டுப் பார்த்துப் பிடித்ததை வாங்கிவருகிறார்கள்.

படி 6: உறுதிசெய்து வாங்குதல்

மேசையில் வென்ற முதல் இரண்டு பெல்லட்டையும் நின்று சுடும் நிலையில், முழு உடையோடு, 60 குண்டு வீதம் இரண்டு வெவ்வேறு நாளில் சுட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். மேசை சொன்னதையே நம்புங்கள், ஏனென்றால் கையின் சிதறல் அதை மறைத்துவிடுகிறது. ஒன்றில் மட்டும் காரணமில்லாத 9கள் வந்தால் அந்த டின்னின் பெல்லட்டுகளை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

பிறகு ஒரே லாட்டில் வாங்குங்கள். ஒரு டின்னில் பொதுவாக 500 பெல்லட். நாளுக்கு 100 வீதம் வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி என்றால் வாரம் ஒரு டின், ஆண்டுக்கு ஐம்பது. அத்தனையும் பந்தயப் பெல்லட்டாக வாங்க எல்லோராலும் முடியாது. ஒரு பருவத்தின் போட்டிகளுக்கும், ஒவ்வொரு போட்டிக்கும் முந்தைய இரண்டு மூன்று வாரங்களுக்கும் தேவையான டின்களை எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் பயிற்சிப் பெல்லட் சுடலாம். பயிற்சிப் பெல்லட்டும் ஏறக்குறைய அதே இடத்தில் விழும்படி தேர்ந்தெடுத்தால் சைட்டைத் திருப்பும் வேலை குறையும்.

ஈயம் ஈரத்தில் வெளுத்துப் பொடிப்பொடியாகும். டின்களைக் காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, குலுங்காத அலமாரியில் வையுங்கள். ரேஞ்சுக்குப் போகும் பையில் ஒரு டின் மட்டும் போகட்டும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் பிள்ளைகள் எதையும் சாப்பிடக் கூடாது. ரேஞ்சுக்குள் டிபன் டப்பாவைத் திறக்கவே விடாதீர்கள். ஈயம் உடம்பில் சேர்வது உடனே தெரியாது. வளரும் பிள்ளைகளுக்கு அது கெடுதல்.

ரெகுலேட்டரையோ வால்வையோ சர்வீஸ் செய்தால், லாட் தீர்ந்து புதியது வந்தால், பேரலைக் கழற்றி மாட்டினால், படி 2இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வேறு காரணத்துக்காகத் தொடங்க வேண்டாம். ஒரு போட்டி சரியாக அமையவில்லை என்பது காரணம் ஆகாது. சோதனைத் தாள்களைத் தேதி, லாட் எண், சிலிண்டர் அழுத்தம், அறையின் வெப்பநிலை எழுதி ஒரு ஃபைலில் வையுங்கள். புதிய லாட் வரும்போது அதை ஒப்பிட உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அந்த ஃபைல்தான்.